ஹோலுக்குள் நின்ற மோட்டார் சைக்கிள்

ஐம்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை பழைய மோட்டார் சைக்கிள் வாங்க அலைகிறான் என்றால் அவனுக்கு வீட்டில் இடமில்லை என்று அர்த்தம். மற்றதெல்லாம் அவன் சொல்லிக்கொள்கிற கதை. அந்தக் காலத்து இரும்பு, ஒற்றைச் சிலிண்டரின் தாளம், இப்போது யார் இப்படிச் செய்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லடிப் பாலத்தில் நின்று பாருங்கள். ஒரு கூட்டம் வரும். ஒரு வைத்தியர், ஒரு பொறியியலாளர், கட்டார் காசில் மாடி வீடு கட்டி முடித்துவிட்டு இனி என்ன செய்வதென்று தெரியாத ஒருவர். வாவியே ஆவியாகிற வெயிலில் தோல் சட்டை. கடற்கரை வரைக்கும் ஓடுவார்கள். நிறுத்துவார்கள். வயிறு தெரியாத பக்கமாகத் திரும்பி நின்று படம் எடுப்பார்கள். பிறகு வண்டி சூடேறிவிட்டதென்று மெக்கானிக்குக்குப் போன் போகும். பாலத்துக்குக் கீழே நெஞ்சளவு தண்ணீரில் நின்று இறால் வலை இழுக்கிறவர்கள் இந்த இரைச்சலுக்குத் தலையைத் தூக்குவதில்லை. உலகத்தில் சரியான அளவில் மரியாதை கொடுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

இப்படியெல்லாம் இகழ்ந்துகொண்டே நானும் ஒன்று தேடினேன். ஏன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போவான். மகள் வளர்ந்து அவளுக்குக் கலியாணம் என்று வந்தால் அதே வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கம் ஒதுங்குவான். நல்ல வழக்கம்தான். பெண்ணுக்குத் தலைக்கு மேலே ஒரு கூரை நிச்சயமாக இருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே ஆண் வாழ்கிற வாழ்க்கை ஒரு நீண்ட விருந்து. சோறு கறியெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். எழும்ப வேண்டிய நேரம் வந்ததும் இலையை எடுத்துவிடுவார்கள்.

எனக்கு இலை எடுத்தது போன ஆவணியில். தேற்றாத்தீவில் மனைவியின் வீடு மகளின் வீடாயிற்று. நானும் மனைவியும் கிணற்றடிக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய அறைக்குப் போனோம். யாரும் துரத்தவில்லை. துரத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபிப்பதற்கு ஒரு முகமாவது கிடைத்திருக்கும். மருமகன் நல்லவர். நல்லவர்களைச் சகிப்பதைப்போலக் கஷ்டமான காரியம் வேறில்லை. "மாமா, இது உங்கட வீடுதானே" என்று அவர் சொல்கிற ஒவ்வொரு தடவையும் அது என்னுடைய வீடில்லை என்பது இன்னும் கொஞ்சம் உறுதியாகும். போர்ட்டிக்கோவில் அவருடைய கார் நின்றது. என்னுடைய மிதிசைக்கிள் முதலில் போர்ட்டிக்கோவிலிருந்து மாமரத்துக்குக் கீழும், மாமரத்திலிருந்து மதிலோரமும், மதிலோரத்திலிருந்து கோழிக்கூட்டுக்குப் பின்னாலும் போயிற்று. ஒவ்வொரு தடவையும் யாரோ மிகவும் பணிவாக அதை நகர்த்தி வைத்திருந்தார்கள்.

ஆகவே எனக்கு வேண்டியது மோட்டார் சைக்கிள் மட்டுமில்லை. எளிதில் யாரும் உருட்டி ஓரங்கட்ட முடியாத, பாரமான, என்னுடையது என்று ஒரு பொருளும், அது நிற்க ஆறடி நிலமும். ஆறடி நிலம் என்று எழுதியதும் அது வேறு காரியத்துக்கான அளவென்று கை நிற்கிறது. ஏழடி என்று வைத்துக்கொள்வோம்.

காத்தான்குடிப் புரோக்கர் ஒருவர் எனக்குப் பழக்கம். சவூதியில் பாரவண்டி ஓட்டிவிட்டு வந்து, ஓட்டோ ஒன்றை வைத்துக்கொண்டு, காணி முதல் கட்டில் வரைக்கும் எதையும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றிவிடுகிற மனிதர். அவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். வாவிக்கு அக்கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், ஒரு வீட்டு ஹோலுக்குள், நடுக்கூடத்தில், நிற்கிற இங்கிலாந்து மோட்டார் சைக்கிள். கறுப்பு டாங்கி, பொன்வரிக் கோடு, உருண்டை விளக்கு. பின்தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர்.

"கொழும்பில ஸ்ரீ எழுத்துக்கே தனி விலை சேர்" என்றார். "சைக்கிள் ஓடாட்டியும் அந்தத் தகடு ஓடும்."

எங்களுடைய தகப்பன்மார் தார் வாளியோடு தெருவில் நின்று பூசி அழித்த எழுத்து அது. அழிபடாமல் தப்பினதற்கு இப்போது பணக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நாட்டின் சரித்திரத்தைப் பற்றி யாராவது என்னிடம் கட்டுரை கேட்டால் இந்த இரண்டு வசனத்தைக் கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விடுவேன்.

சாமான் நல்லதென்றால் ஏன் இன்னும் விலைப்படவில்லை என்று கேட்டேன். புரோக்கர் தலையைச் சொறிந்தார். வீட்டுக்காரர் விற்கிறதற்கென்றுதான் வைத்திருக்கிறார், ஆனால் விற்கிறாரில்லை, போன ஆட்களெல்லாம் வெறுங்கையோடு திரும்பினார்கள், தன்னுடைய ஓட்டோவின் டயர் தேய்ந்ததுதான் மிச்சம் என்றார். "நீங்க வாத்தியார். உங்களுக்கு ஒரு மரியாதை தருவார். வாங்க."

மண்முனைப் பாலத்தால் போனோம். பாலம் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் பாதை ஓடியது. பாதை என்று நாங்கள் சொல்வது, ஆட்களையும் மாட்டையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவையை. அதற்காகக் கண்ணீர் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒருநாளும் அதற்காக வெயிலில் காத்துநிற்காதவர்கள். எனக்குப் பாலம்தான் பிடிக்கும். கண்டல் மரங்கள் இரண்டு பக்கமும் பின்னோக்கி ஓட, தண்ணீர் ஈயத்தகடு மாதிரிக் கிடந்தது. அக்கரையில் இறங்கினால் வயல். பச்சை, பச்சை, அதற்குப் பிறகும் பச்சை. சொல்லுக்கு வேலையில்லாத அளவுக்குப் பச்சை.

வீட்டுக்காரரை ஊரில் எல்லாரும் போடியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெரிய வயல்காரர்களுக்குரிய பட்டம். வயலில் முக்கால்வாசி போய்விட்டது, பட்டம் முழுசாக இருக்கிறது. எழுபதைத் தாண்டியவர். மேல்சட்டை இல்லாமல், சாரத்தோடு, ஹோலின் நடுவில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். கைக்கெட்டுகிற தூரத்தில் மோட்டார் சைக்கிள், பெட்சீற்றால் போர்த்தி. வெளியே ஒரு விறாந்தை இருந்தது, வண்டி நிறுத்துகிற பெரிய மால் இருந்தது, அங்கெல்லாம் நிறுத்தாமல் வீட்டின் நெஞ்சில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஹோலுக்குள் வருகிறவர்கள் சுவரோடு ஒட்டி நண்டு மாதிரி நடக்கவேண்டும். நாங்களும் நடந்தோம்.

அவர் முதலில் கேட்டது என்னுடைய குடியை. தாய்வழியில் நான் எந்தக் குடி, முடித்தது எந்தக் குடியில் என்று. சொன்னேன். மோட்டார் சைக்கிள் வாங்குவதற்கு இது எதற்கென்று புரோக்கர் முகத்தைத் திருப்பிச் சிரித்தார். என்னுடைய குடி அவருக்குக் கொஞ்சம் குறைவாகப் பட்டது போலிருந்தது. எனக்கு அவருடைய மூக்கு மயிர் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. கணக்கு நேர்.

பெட்சீற்றை அவரே விலக்கினார். கோயிலில் திரை விலக்குகிற மாதிரி. கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்த மனிதர் எத்தனை திரை விலக்கலைப் பார்த்திருப்பார், கை அப்படியே பழகிவிட்டது.

அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். வேலைசெய்கிற பொருளுக்கு வயது போனால் வருகிற ஒரு கறுப்பு உண்டு, கிணற்றுக் கயிறு உரசின கல்லுக்கு வருமே, அது. கைபிடியில் ஒருவருடைய உள்ளங்கை பதிந்திருந்தது. எனக்கு வாயில் ஈரம் ஊறியது. நான் உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டேன். விலை பேசப் போகிறவன் செய்கிற முதல் வேலை அது.

போடியார் புளுகத் தொடங்கினார். ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து வாங்கியதாம். ஒரு ஆணிகூட மாற்றவில்லையாம். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் குடிக்கவில்லையாம்.

முதலிரண்டையும் விட்டுவிடலாம். மூன்றாவதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டைக் காலத்தில், பெற்றோல் இந்தக் கரைக்கு வராத வருஷங்களில், படுவான்கரையில் ஓடின எந்த மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெய் குடித்துத்தான் ஓடியது. சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, கார்பரேட்டருக்குள் ஒரு பீச்சு பீச்சி, உதைத்துக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வருகிற வெள்ளைப் புகையை வைத்தே யார் வருகிறார் என்று சொல்லலாம். வைத்தியருடைய வண்டி குடித்தது, ஐயருடைய வண்டி குடித்தது. அதில் என்ன வெட்கம்? எல்லாரும் பட்ட பாட்டைத் தான் மட்டும் படவில்லை என்று சொல்கிறவரைப்போல அற்பமான மனிதர் யார்? எஞ்சினின் தலைப்பாகத்துக்கு அடியில் இரண்டு காஸ்கட் தெரிந்தது. அமுக்கத்தைக் குறைத்து மண்ணெண்ணெய்க்கு ஏற்றதாக்க அந்த நாளில் வைத்த இரண்டாவது. நான் விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் சீலிங்கைப் பார்த்தார்.

ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னேன். தன் காலுக்கு ஏலாது, நீங்களே உதையுங்கள் என்றார். உதைத்தேன். புரோக்கர் உதைத்தார். ஒரு இருமல்கூட இல்லை. எங்களுக்கு வேர்த்து வழிய வழிய அவருடைய முகம் தெளிந்துகொண்டு வந்தது. விற்கிறவருடைய முகம் அப்படித் தெளியக்கூடாது.

அந்த நேரம் அவருடைய மகள் தேத்தண்ணியோடு வந்தாள். முப்பதுக்குக் கிட்ட வயது, பாடசாலையில் படிப்பிக்கிறாளாம், தைக்குப் பிறகு கலியாணம். விலை பேசினோமா என்று அவள் கேட்கவில்லை. "மாமா, எப்ப எடுத்துட்டுப் போவீங்க?" என்றுதான் கேட்டாள்.

படலை வரைக்கும் எங்களோடு வந்து விஷயத்தைச் சொன்னாள். தாய் போய்ச் சில வருஷம். வீடு தாயுடையது, இப்போது இவளுடையது. தகப்பனுக்கு வளவின் பின்பக்கம் ஓட்டுக்கூரை போட்டு, பக்கத்திலேயே குளியலறை வைத்து ஒரு அறை கட்டிவிட்டாள். அவர் போகிறாரில்லை. இந்தச் சைக்கிளை நல்ல இடத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் கதிரையை விட்டு எழும்புவேன் என்று சொல்லி, அதை ஹோலுக்குள் ஏற்றி, பக்கத்திலேயே படுக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தரம் வந்து இரண்டு தரமும் சுவரோரமாக நடந்து போனார்கள்.

"சைக்கிள் போனா அப்பா எழும்புவார் மாமா. அதுதான் நான் வாற எல்லாரிட்டயும் கேக்கிறன்."

ஓட்டோவில் ஏறியதும் எனக்கு விளங்கிவிட்டது. விலைப்படாமல் இருக்கிற வரைக்கும் அந்த இரும்பு ஹோலில் நிற்கும். அது நிற்கிற வரைக்கும் அவரும் இருப்பார். நாங்களெல்லாம் வாங்க வந்தவர்களில்லை. அவருக்குத் தவணை கொடுக்க வந்தவர்கள்.

நான் அவரை மனதுக்குள் வைது தீர்த்தேன். கிழட்டுப் பிடிவாதம், போடிப் புத்தி, மகளின் கலியாணத்துக்குக் குறுக்கே படுத்திருக்கிற மனிதர். வைகிற வேகம் கொஞ்சம் கூடிப்போயிற்று. நானோ, நேரம் வந்ததும் எழும்பிப் பின்னறைக்குப் போனவன். கதிரைகூட இல்லாமல் போனவன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வாங்கவேண்டாம் என்று சொல்லவில்லை. அவித்த பனங்கிழங்கின் நாரை உரித்துக்கொண்டே, "எங்க வைக்கப்போறீங்க?" என்றாள்.

"இஞ்சதான்."

"இஞ்ச எங்க?"

கிணற்றடி ஈரம், துருப்பிடிக்கும். கோழிக்கூட்டுப் பக்கம் ஏற்கெனவே என் மிதிசைக்கிள். மதிலோரம் மருமகன் ரோசாத் தொட்டி அடுக்கியிருக்கிறார். அவள் ஒவ்வொன்றாகக் கண்ணாலேயே காட்டிவிட்டு, "எதுக்கும் அவளக் கேளுங்க" என்றாள். அவள் என்றால் மகள். நான் தூக்கி வளர்த்த பிள்ளையிடம் ஏழடி நிலத்துக்கு விண்ணப்பம்.

கேட்டேன். கேட்பதற்கு முன்னால் வசனத்தைப் பலவிதமாக மாற்றிப் பார்த்தேன், உள்ளதிலேயே மட்டமான வசனம்தான் கடைசியில் வாயில் வந்தது. மகள் சிரித்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த மருமகன் நான் எதிர்பாராத அளவுக்குச் சந்தோசப்பட்டார்.

"சுப்பர் மாமா. அதப் போய்க் கோழிக்கூட்டடியில வைக்கிறதா? போர்ட்டிக்கோவுக்கு முன்னால வைப்பம். நான் காரைக் கொஞ்சம் தள்ளி விடுறன். மேலால ஒரு லைட் போட்டு, ரெண்டு பக்கமும் தொட்டி வெச்சா, வாற ஆக்கள் எல்லாரும் படம் எடுப்பாங்க."

ஓட வேண்டியதில்லை, ஓடினால் டைல்ஸில் எண்ணெய் சிந்தும், ஸ்ரீ நம்பர் தகடு ரோட்டுப் பக்கம் பார்த்திருக்கவேண்டும் என்றெல்லாம் அவரே தொடர்ந்து சொல்லிக்கொண்டு போனார். மறுத்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். கேட்டதற்கும் மேலே கொடுத்தார். போர்ட்டிக்கோவின் நெற்றியில் இடம், வெளிச்சம், பூந்தொட்டி. எல்லாம் உண்டு, அது என்னுடையது என்பதைத் தவிர. கலியாண வீட்டு வாசலில் கட்டுகிற வாழைமரம் மாதிரி அதுவும் அவருடைய வீட்டுக்கு ஒரு சோடனை. அதற்குப் பக்கத்தில் நான் நின்றால் நானும் ஒரு சோடனை. இந்த மனிதருக்கு வங்கியில் என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது, எதையும் வாங்கித் தன்னுடையதாக்கிக்கொண்டு நன்றி சொல்லவைக்கிற பிரிவாக இருக்கவேண்டும்.

என்றாலும் வாங்குவதென்றுதான் இருந்தேன். ஆசை வந்தால் அவமானம் அதற்கு ஒரு சின்னச் செலவு.

அடுத்த கிழமை மறுபடியும் போனோம். போடியார் அதே கதிரையில், அதே சாரத்தில். மகள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். இந்தத் தடவை நான் உதைப்பதற்கு முன்னால் குனிந்து பார்த்தேன். டாங்கிக்கு அடியில் பெற்றோல் இறங்குகிற இடத்தில் ஒரு சின்னப் பித்தளை டெப், திறந்து மூடுகிற திருகு. அதைப் பூட்டி வைத்திருந்தார். மிக எளிமையான வேலை. பெற்றோல் இறங்காமல் எந்த இங்கிலாந்து இரும்பும் இருமாது. போன தடவை அந்தப் பக்கமாகத் தன்னுடைய காலை நீட்டி வைத்துக்கொண்டு இருந்தார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். நான் கண்டுவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்தது. அந்தப் பெரிய முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை.

ஒரு விரலால் அதைத் திறந்துவிட்டிருக்கலாம். ஓடியிருக்கும். நான் திறக்கவில்லை. இரக்கம் என்று யாரும் நினைக்கவேண்டாம். மருமகனுடைய பூந்தொட்டி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, அந்த நேரம் எனக்கு உலகத்தில் எல்லார்மீதும் வெறுப்பு, அந்த ஹோலில் இருந்தவர்களில் அவர் ஒருவர்தான் எழும்பமாட்டேன் என்று சொன்னவர். உதைத்தேன், சும்மா ஒப்புக்கு. பிறகு மகளுக்கும் புரோக்கருக்கும் நன்றாகக் கேட்கும்படி பேசினேன்.

இது செத்த சாமான் என்றேன். மண்ணெண்ணெயில் உள்ளெல்லாம் கருகிவிட்டது, உதிரிப்பாகம் இங்கிலாந்திலும் இல்லை, தகடு கூடப் பிறகு ஒட்டினது போலிருக்கிறது, இதை வாங்குகிறவன் ஒன்றில் பைத்தியக்காரன், அல்லது கொழும்புக்காரன், இனி யாரையும் கூட்டிவந்து வீணாக அலையவேண்டாம் என்று புரோக்கருக்கும் சேர்த்துச் சொன்னேன். எனக்கு இகழ்ச்சி சரளமாக வரும். அன்றைக்கு இன்னும் நன்றாக வந்தது.

அவருக்கு இதைவிட நல்ல தவணை யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள். விலைப்படாது என்று ஒரு வாத்தியாரின் தீர்ப்பு. சாகும் வரைக்கும் ஹோலிலேயே இருக்கலாம். அவர் கண்ணாலாவது ஒரு நன்றி சொல்வார் என்று திரும்பினேன். கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, முகம் இரத்தமாகச் சிவக்க, அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள்தான் முதலில் பேசினாள். அவள் குரலில் நிம்மதி. "அப்ப சரி மாமா. பழைய இரும்பு எடுக்கிற லொறி வியாழக்கிழமை இந்தப் பக்கம் வரும். நான் அவனுக்குச் சொல்றன்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறந்து ஏதோ சொல்ல எடுத்தேன்.

"ஆர்ரா செத்த சாமான்?" என்றார் போடியார்.

எழும்பினார். எத்தனையோ மாதமாக எழும்பமாட்டேன் என்ற மனிதர், இருந்த இடத்திலிருந்து ஒரே மூச்சில் எழும்பினார். சாரத்தை மடித்துக் கட்டினார். காலுக்கு ஏலாதாம். குனிந்து டெப்பைத் திறந்தார், எல்லாருக்கும் முன்னால், மறைக்காமல். கார்பரேட்டரில் ஒரு முளையை விரலால் இரண்டு மூன்று தரம் அழுத்தினார். பெற்றோல் மணம் ஹோலை நிறைத்தது. வெறுங்காலால் ஒரு உதை. இரண்டாவது உதைக்கு அது எழும்பிற்று.

மூடின ஹோலுக்குள் ஒரு இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் ஓடினால் எப்படி இருக்கும் என்று எழுத எனக்கு ஆசை, ஆனால் அது சத்தமில்லை. சுவர் முழுக்க நெஞ்சாகிவிட்ட மாதிரி. ஷோகேஸில் தேத்தண்ணிக் கோப்பைகள் ஒன்றோடொன்று பேசின. செத்துப்போன மனைவியின் படம் ஆணியில் ஆடியது. புகை, நீலப் புகை, அதற்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் மணமும் இருந்தது, சத்தியமாக இருந்தது. கல்லடிப் பாலத்துத் தோல் சட்டைகள் வருஷக்கணக்காகத் தேடியும் கிடைக்காத ஒன்று ஒரு கிழவரின் உள்ளங்காலுக்கடியில் துடித்துக்கொண்டிருந்தது.

புரோக்கர் என் காதுக்குள், "சேர், கேளுங்க, இப்ப கேளுங்க" என்றார்.

கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "போடியார், நான் எடுக்கிறன். நீங்க சொல்ற விலைக்கு எடுக்கிறன்."

அவர் எக்ஸலேற்றரைத் தளர்த்தினார். சத்தம் தாழ்ந்தது. முதல் தடவையாக என்னை ஒரு ஆளாகப் பார்த்தார்.

"கொண்டுபோய் எங்க வெப்பீங்க?"

"போர்ட்டிக்கோல."

"ஆர்ர போர்ட்டிக்கோ?"

அவர் என்னுடைய முகத்தில் பதிலைப் படித்துவிட்டு, சிரித்தார் என்றுகூடச் சொல்லமுடியாது, மூக்கால் ஒரு காற்று விட்டார். நான் வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் பார்த்து விட்ட காற்று அது. என் பக்கமாக வந்தபோதுதான் அதன் சூடு தெரிந்தது. காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். கியரைத் தட்டினார். சுவரோடு ஒட்டி நாங்கள் நண்டாக, அவர் ஹோலின் நடுவால் போனார். விறாந்தை, இரண்டு படி, முற்றம். படியில் டக் டக் என்று பின்சக்கரம் இறங்கியது. படலையில் ஒரு கணம் நின்றார். அறை கட்டியிருந்த பக்கம் திரும்புவார் என்று மகள் நினைத்தாள், ஒரு அடி முன்னால் வைத்தாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. வயல் வட்டைக்குப் போகிற மண்பாதையில் இறங்கினார். வயல்வெளிக்கு நடுவில், காவலுக்குப் படுக்கிற வாடி ஒன்று இருக்கிறது. கிடுகுக் கூரை, நான்கு கால், சுவரில்லை. வயல் பச்சைக்குள் முதலில் சக்கரம் மறைந்தது, பிறகு டாங்கி, பிறகு வெறும் முதுகு மட்டும் கொஞ்சத் தூரம் போய்க்கொண்டிருந்தது. சத்தம் அதற்குப் பிறகும் நெடுநேரம் கேட்டது.

புரோக்கர் பெருமூச்சு விட்டார். "மறுகா என்னத்தச் சொல்ற."

மகள் அழுவாள் என்று பயந்தேன். அவள் வட்டைப் பக்கம் பார்த்து, "ராவைக்கு அப்பாக்குச் சாப்பாடு வாடிக்குத்தான் அனுப்பணும்" என்று தனக்குத்தானே சொன்னாள். ஹோலுக்குள் திரும்பி, யன்னல்களைத் திறந்து புகையை வெளியே விட்டாள். நடுவில் சீமெந்துத் தரையில் ஒரு கறுத்த வட்டம், எண்ணெய் ஊறினது. தும்புத்தடியால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

"மாமா, நீங்க ரெண்டு பேரும் நிக்கிறீங்கதானே" என்றாள். "இந்த அலுமாரிய ஒருக்காத் தள்ளித் தாறீங்களா? இது அறைக்குள்ள கிடந்து இடமில்லாமப் போச்சு."

தேக்கு அலுமாரி. தாயின் சீதனமாக வந்ததாம். புரோக்கர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அறை வாசலில் ஒருதரம் சிக்கியது, சாய்த்து எடுத்தோம். ஹோலின் நடுவுக்குக் கொண்டுவந்ததும் மகள் எதிரே நின்று, தலையை ஒரு பக்கம் சரித்துப் பார்த்து வழி சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் அங்கால மாமா. இல்ல, சுவர்ப் பக்கம். ஓம். இன்னும் கொஞ்சம்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, முழுத் தோளையும் கொடுத்துத் தள்ளினேன்.